பில்ட்-இன் மைக்ரோவேவ்: டெல்டா வீட்டுச் சமையலறைக்குச் சரிப்பட்டு வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்களும், பழைய சமையலறையை இடித்து மாற்றுகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. பில்ட்-இன் என்றால் அலமாரிக்குள் பதித்துப் பொருத்துகிற ஓவன். அதன் நன்மையில் பாதிதான் மெஷினில் இருக்கிறது. மீதிப் பாதி ஆசாரி அடிக்கிற பெட்டியிலும் எலெக்ட்ரீஷியன் வைக்கிற பிளக்கிலும் இருக்கிறது. அதனால் அளவுகள் கொஞ்சம் அதிகமாகவே வரும். கையில் ஒரு டேப் இருந்தால் நல்லது.

மேடையில் வைக்கிற மைக்ரோவேவுக்கும் பில்ட்-இன்னுக்கும் என்ன வித்தியாசம்?

சூடாக்குகிற வேலையில் ஒன்றும் இல்லை. இரண்டிலும் மேக்னட்ரான் என்ற பாகம் 2450 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. சாப்பாட்டில் இருக்கிற ஈரம் அதை வாங்கிச் சூடாகிறது. வித்தியாசம் மூச்சு விடுகிற விதத்தில். மேடை மாடல் பக்கவாட்டிலும் பின்னாலும் மேலேயும் சூட்டைத் தள்ளும். நாலு பக்கமும் வெட்டவெளி வேண்டும். பில்ட்-இன் மாடலை ஒரு பெட்டிக்குள் சுவாசிக்கிற மாதிரியே வடிவமைத்திருப்பார்கள். முன்னால் உள்ள சட்டம் பெட்டியின் விளிம்பை மூடிக்கொள்ளும். மெஷின் திருகாணியில் நிற்கும், நகராது.

சுவருக்குள் வைப்பதால் உண்மையிலேயே என்ன லாபம்?

முதல் லாபம் மேடை. 25 லிட்டர் ஓவன் சுமார் 50 செ.மீ. அகலம், 40 முதல் 45 செ.மீ. ஆழம். சுற்றிலும் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால், இரண்டடிக்கு இரண்டடி மேடை போய்விட்டது. நம் ஊர்ச் சமையலறையில் அந்த இடத்துக்குப் போட்டி போட கேஸ் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், குடிதண்ணீர்க் குடம் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஓவன் சுவருக்குப் போய்விட்டால் காய் நறுக்க இடம் கிடைக்கும்.

இரண்டாவது உயரம். மேடையில் இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் ஓவனை ஏற்றியிருக்கிற வீடுகள் ஏராளம். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் கொதிக்கிற ரசத்தை நெற்றி உயரத்திலிருந்து இறக்குவது விபத்துக்கு அழைப்பு. பில்ட்-இன்னில் உயரத்தை நீங்களே முடிவு செய்யலாம்.

மூன்றாவது, அடுப்பின் எண்ணெய்ப் புகையிலிருந்தும் சிங்க் தண்ணீரிலிருந்தும் அதைத் தள்ளி வைக்க முடிகிறது. தாளிக்கிற எண்ணெய் காற்றோடு போய் விசிறியில் படிவதுதான் மேடை ஓவன்கள் சீக்கிரம் கெடுவதற்கு ஒரு பெரிய காரணம். மேடையில் குறுக்கே ஓடுகிற ஒயரும் இராது. கொள்ளிடக் கரையோரம், வெண்ணாற்றங்கரைத் தாழ்வுப் பகுதிகளில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலும் மார்பு உயரத்தில் இருக்கிற மெஷின் நனையாது.

அழகு கடைசியில்தான். விளம்பரங்களில் அது முதலில் வரும்.

யாருக்கு இது வேண்டாம்?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டாம். காலையில் பால், ராத்திரி மிச்சச் சாம்பார் என்று ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டுகிறவர்கள், மேடையில் இடமும் இருந்தால், சாதாரண மாடலோடு நிறுத்திக்கொள்ளலாம். பில்ட்-இன் விலை பெரும்பாலும் அதே கொள்ளளவுள்ள மேடை மாடலைப்போல இரண்டு மடங்கு வரும். பெட்டிச் செலவு தனி. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை மெஷினை மாற்றுகிற பழக்கம் உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். அடுத்த மாடல் அதே ஓட்டையில் உட்காரும் என்று உத்தரவாதம் இல்லை.

சோலோ, கிரில், கன்வெக்‌ஷன்: எது எடுப்பது?

சோலோ சூடாக்கும், வேகவைக்கும். கிரில் மேலே சிவக்க வைக்கும். கன்வெக்‌ஷனில் சூடான காற்றை விசிறி சுற்றிவிடுவதால் கேக், பிஸ்கட் செய்யலாம். நமத்துப்போன முறுக்கை மொறுமொறுப்பாக்கலாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 முதல் 25 லிட்டர் கிரில் மாடல் போதும். கேக் செய்கிற பிள்ளைகள் இருந்தால் மட்டும் கன்வெக்‌ஷனுக்குப் போங்கள். ஏனென்றால் அந்த ஒரு முடிவு ஒயரின் தடிமன், மரத்தின் தரம், காற்றுவழி எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

ஆசாரியிடம் என்ன அளவு சொல்ல வேண்டும்?

இங்கேதான் அதிகம் தவறுகிறது. ஓவன் கையேடு மில்லிமீட்டரில் பேசும். ஆசாரி அங்குலத்தில் பேசுவார். கொத்தனார் அடியில் பேசுவார். 25 லிட்டர் வகையில் பரவலான ஓட்டை அளவு: அகலம் 560 முதல் 568 மி.மீ., உயரம் 380 முதல் 382 மி.மீ., ஆழம் குறைந்தது 550 மி.மீ. அங்குலத்தில் சொன்னால் அகலம் 22¼, உயரம் 15, ஆழம் 22. இந்த மூன்றும் மேற்சொன்ன வரம்புக்குள் சரியாக விழும். உயரத்தில் இருக்கிற சலுகை வெறும் 2 மி.மீ. என்பதைக் கவனியுங்கள். மைக்கா (பலகை மேல் ஒட்டுகிற பளபளப்புத் தாள்) ஒட்டுவதற்கு முன் 15 அங்குலம் இருந்து, மேலும் கீழும் ஒரு மி.மீ. மைக்கா ஒட்டினால் ஓட்டை 379 ஆகிவிடும், ஓவன் உள்ளே போகாது. அளவு எப்போதும் மைக்கா ஒட்டி முடித்த பிறகு நிற்கிற அளவு.

மாடுலர் கிச்சன் என்றால் கணக்கு சுலபம். வெளி அகலம் 600 மி.மீ. உள்ள பெட்டியில், இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போக 564 மிஞ்சும். உள்ளே இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. மைக்கா போட்டால் 562. இரண்டுமே சரி. 25 மி.மீ. பலகை போட்டால் 550 ஆகிவிடும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

45 செ.மீ. உயர கன்வெக்‌ஷன் மாடல்களுக்கு ஓட்டை உயரம் 450 மி.மீ. பக்கம் வரும். சுவர் அலமாரியில் போகிற ஆழம் குறைந்த வகைகளும் உண்டு. ஆகவே வரிசை இதுதான்: முதலில் மாடலை முடிவு செய்யுங்கள், அதன் பொருத்தல் படத்தை அச்செடுத்து ஆசாரியிடம் கொடுங்கள், பிறகு மரம் அறுக்கட்டும். “சும்மா ஒரு ஓட்டை விட்டு வைங்க, அப்புறம் வாங்கிக்கலாம்” என்று சொன்ன வீடுகளில்தான் பின்னால் பட்டி வைத்து அடைக்கிறார்கள்.

பெட்டியின் நாலு மூலையும் சரிகோணமா என்று குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். கோணினால் சட்டம் ஒரு பக்கம் ஒட்டி, இன்னொரு பக்கம் இளிக்கும்.

காற்றுவழி என்கிறார்களே, அது எவ்வளவு, எங்கே?

ஓவன் நிற்கிற அறைக்குப் பின்பலகை அடிக்கக் கூடாது. இது முதல் விதி. ஆசாரிகள் பழக்கத்தில் பின்பலகையை அடித்துவிடுவார்கள். சொல்லித் தடுக்க வேண்டும். இரண்டாவது, அடித்தட்டின் பின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 45 முதல் 50 மி.மீ. சந்து விட வேண்டும். மேல்தட்டிலும் அதே சந்து. கீழிருந்து குளிர்ந்த காற்று ஏறி, மெஷினின் முதுகைத் தொட்டு, மேலே போய்விடும். புகைபோக்கி மாதிரிதான் வேலை.

அந்தக் காற்று கீழே எங்கிருந்து வரும்? பெட்டியின் அடியில் உள்ள பாதப்பலகையில் ஒரு கம்பிவலைச் சன்னல் வையுங்கள். மேலே எங்கே போகும்? பெட்டி உச்சி கூரையையோ பரணையோ தொட்டு அடைத்துக்கொண்டிருந்தால் எங்கும் போகாது. லாஃப்ட் வரைக்கும் கப்போர்டு இழுக்கிற நம் ஊர் வழக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. உச்சியில் முன்பக்கமாக ஒரு அங்குல உயரப் பிளவு விட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாது.

காற்று அடைபட்டால் என்ன ஆகும் என்பதை ஓவனே சொல்லும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நின்றுபோகும். அரை மணி கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஓடும். உள்ளே இருக்கிற வெப்பக் காப்பு சுவிட்ச் செய்கிற வேலை அது. மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் பின்பலகையைப் பாருங்கள். இன்னொன்று: சமையல் முடிந்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடும். அது கோளாறு இல்லை. அப்போது சுவரில் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் கடப்பா கல் அலமாரிதான். அதில் வைக்கலாமா?

(இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற கும்பகோணம் கடப்பா இல்லை, கல்.) வைக்கலாம். எடை தாங்குவதில் கடப்பாவை மிஞ்ச ஆளில்லை. சூடும் அதை ஒன்றும் செய்யாது. சிக்கல் மூன்று. ஒன்று, பழைய அலமாரிகளின் ஆழம் பல சமயம் 18 அங்குலம்தான், 22 வேண்டும். இரண்டு, கல்லில் நேராகத் திருகாணி போடக் கூடாது, விரியும். உள்பக்கம் ஒரு மரச் சட்டத்தைச் சுவரோடு பிடித்து, ஓவனை அந்தச் சட்டத்தில் திருக வேண்டும். மூன்று, கல் சுவரோடு ஒட்டிப் பதிந்திருப்பதால் பின்னால் சந்து கிடையாது. கல் அறுக்கிற கட்டர் வைத்துப் பின்விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டி எடுக்கலாம், ஆனால் சுவருக்குள் பதிந்த பக்க விளிம்புகளைத் தொடக் கூடாது. கல்லின் பாரம் அங்கேதான் நிற்கிறது.

அக்ரகாரத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி தடிமன் இருக்கும். மாடத்தைப் பெரிதாக்கி ஓவனை உள்ளே தள்ளிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்தச் சுவர்தான் மேலே உத்தரத்தைத் தாங்குகிறது. சுவருக்கு முன்னால் ஒரு பெட்டி நிறுத்துவதே நல்லது.

பிளைவுட்டா, பிவிசியா?

கையேடுகள் பொதுவாக எதிர்பார்ப்பது, ஓவன் அறையின் பலகை 90 டிகிரி செல்சியஸ் வரையிலும், பக்கத்துக் கதவுகள் 70 டிகிரி வரையிலும் தாங்க வேண்டும் என்பது. பிவிசி பலகை 75, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது என்று நம் பக்கம் பிவிசி கிச்சன் நிறையப் போடுகிறார்கள். மற்ற அலமாரிகளுக்கு அது சரி. கன்வெக்‌ஷன் ஓவன் நிற்கிற ஒரு பெட்டியை மட்டும் பிளைவுட்டில் செய்துகொள்ளுங்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட் கேளுங்கள். கொதிநீரையும் தாங்குகிற தரம் அது. பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் நிற்கிற ஈரமே அதன் விளிம்பை ஊத வைத்துவிடும், 2 மி.மீ. ஊதினாலும் ஓவனை வெளியே இழுக்க முடியாது.

மேடை மாடலையே வாங்கி கப்போர்டுக்குள் வைத்துவிட்டால்?

மலிவான வழி என்று பலர் செய்வதுதான். கதவில்லாத திறந்த அறை, பக்கத்துக்கு 5 செ.மீ., பின்னால் 10, மேலே 20 முதல் 30 செ.மீ. இடைவெளி இருந்தால் ஓடும். இறுக்கமாக அடைத்தால் மேக்னட்ரான் சூடேறி ஆயுசு குறையும், வாரன்டியும் கேள்விக்குறி. சில மாடல்களுக்கு அதே கம்பெனி தனியாகச் சட்டம் விற்கிறது. அந்தச் சட்டம் உங்கள் மாடல் எண்ணுக்கு என்று எழுதியிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்த இடத்தில், எந்த உயரத்தில்?

ஓவனின் அடித்தட்டு தரையிலிருந்து மூன்று முதல் மூன்றரை அடி. வீட்டில் அதிகம் சமைக்கிறவரின் முழங்கை உயரத்தை அளந்து, அடித்தட்டை அதே மட்டத்தில் வையுங்கள். சில மாடல்களுக்கு 850 மி.மீ.க்குக் கீழே வைக்கக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும்.

கேஸ் அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள். அமெரிக்க வீடுகளில் அப்படித் தொங்குகிறதே என்றால், அது அதற்கென்றே தனி வகை. நம் தாளிப்புக்கு அதுவும் தாங்குமா என்பது சந்தேகம். கதவு பக்கவாட்டில் திறக்கும் மாடல் என்றால், கீல் இருக்கிற பக்கம் சுவர் ஒட்டி வரக் கூடாது. கதவு 90 டிகிரிக்கு மேல் திறந்தால்தான் கண்ணாடித் தட்டை வெளியே எடுத்துக் கழுவ முடியும். ஓவனுக்குப் பக்கத்திலோ கீழேயோ ஒன்றரை அடி மேடை இருக்கட்டும்; சூடான பாத்திரத்தை உடனே வைக்க இடம் வேண்டாமா?

அக்னி மூலையில்தான் வைக்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு: தென்கிழக்கில் சிங்க் இல்லை என்றால் தாராளமாக வையுங்கள்.

பிளக்கும் ஒயரும் எப்படி?

ஓவன் மேல் எழுதியிருக்கிற 900 வாட் என்பது சாப்பாட்டுக்குப் போகிற சக்தி. சுவரிலிருந்து இழுப்பது 1400, 1500 வாட். அதாவது 6 ஆம்ப்ஸுக்கு மேல். சின்ன பிளக்கில் மாட்டினால் பிளக் கருகும். கன்வெக்‌ஷனோடு மைக்ரோவேவும் சேர்ந்து ஓடுகிற பெரிய மாடல் 3300 வாட் வரை போகும், 230 வோல்ட்டில் 14 ஆம்ப்ஸுக்கு மேல். ஆகவே 16 ஆம்ப்ஸ் பவர் பிளக், அதற்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச்). சின்ன மாடலுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் 16 ஆம்ப்ஸ் எம்சிபியும். பெரிய மாடலுக்கு, அல்லது போர்டு வீட்டு வாசலிலும் சமையலறை கொல்லைப்பக்கமும் இருக்கிற நீள வீடுகளுக்கு, 4 சதுர மி.மீ. கிரைண்டர் லைனிலிருந்து ஒரு துண்டு இழுத்து ஒட்டுவது கூடாது.

பிளக் ஓவனுக்கு நேர் பின்னால் வரக் கூடாது. பிளக் தலை 4, 5 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும், ஓவன் முழுதாக உள்ளே போகாது. பக்கத்துப் பெட்டியிலோ மேல் பெட்டியிலோ வையுங்கள். கீழ்ப் பெட்டி வேண்டாம். தினமும் தரையைக் கழுவிவிடுகிற வீடுகள் நம்முடையவை. சுவிட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய முழு வோல்டேஜ் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. களிமண் நிலம் சித்திரை வைகாசியில் வெடித்துப் பிளக்கும்போது எர்த் குழியும் காய்ந்துபோகும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது வீண் வேலை இல்லை. கூடவே 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) ஒன்று மெயின் போர்டில் இருந்தால் நிம்மதி.

சாயங்காலம் லோ வோல்டேஜ். ஸ்டெபிலைசர் வேண்டுமா?

டிரான்ஸ்ஃபார்மரின் கடைசியில் இருக்கிற தெருக்களிலும், பம்புசெட்டுகள் சேர்ந்து ஓடுகிற கிராமங்களிலும் 180 வோல்ட்டுக்கு இறங்குவது புதிதல்ல. அப்போது விளக்கு எரியும், தட்டு சுற்றும், ஆனால் பால் சூடாகாது. உறுமல் மட்டும் கூடும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், வோல்டேஜைப் பாருங்கள். அடிக்கடி 200க்குக் கீழே போகிறதென்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள். ஓவன் இழுக்கிற வாட்டைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு திறன் இருக்கட்டும். அதை ஓவன் அறைக்குள் வைக்காமல், தனியாகக் காற்றாட வையுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது. 900 விஏ இன்வெர்ட்டர் கொடுக்கிறது 700 வாட் சொச்சம்தான். ஓவன் லைன் இன்வெர்ட்டர் பக்கம் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் பல. அப்படிப் போய்த் திரும்பி வரும்போது வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் ஓவன் எம்சிபியை இறக்கிவிட்டு, கரண்ட் வந்து ஒரு நாள் நிதானப்பட்ட பிறகு ஏற்றுங்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

ஒரு நாளைக்கு 15 நிமிடம், 1400 வாட் என்று கணக்குப் போட்டால் 0.35 யூனிட். இரண்டு மாத பில்லில் 21 யூனிட். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதற்கு 2 வாட் என்று வைத்தாலும் அதே 60 நாளில் கிட்டத்தட்ட 3 யூனிட். ராத்திரியில் சுவிட்சை அணைத்தால் அதுவும் மிச்சம்.

பல்லி, கரப்பான், எறும்பு உள்ளே போகாதா?

போகும். சூடும் இருட்டும் இருக்கிற இடம் பல்லிக்கு மாமியார் வீடு. கட்டுப்பாட்டு அட்டையில் ஏறி, இரண்டு முனைகளை ஒன்றாகத் தொட்டுச் செத்துப்போகும், அட்டையும் போய்விடும். ஓவனின் சொந்தத் துளைகளை வலை போட்டு அடைக்காதீர்கள். பெட்டியின் கீழ், மேல் சன்னல்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொசுவலை அடியுங்கள். வலையில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் காற்று நின்றுவிடும், அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஒயர் வருகிற ஓட்டையைச் சிலிகானால் அடையுங்கள், எலி வழி அதுதான்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, காரைக்கால் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு. பிளக்கின் பித்தளை முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள். பூத்திருந்தால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள், சாக்கெட் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் கதவை ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் உள்ளே ஈரம் தங்காது, துரு பிடிக்காது.

என்னென்ன பாத்திரம் வைக்கலாம்?

எவர்சில்வர் கூடாது, பித்தளை டவரா டம்ளர் கூடாது, பொன் விளிம்பு போட்ட பீங்கானும் கூடாது. வாழ்நாள் முழுவதும் எவர்சில்வரில் புழங்கிய கைக்கு இதுதான் கஷ்டம். ஓவனுக்குப் பக்கத்துத் தட்டிலேயே நாலு கண்ணாடிக் கிண்ணம் வைத்துவிட்டால் கை தானாகப் பழகும். ஓட்டல் பார்சலை அப்படியே வைக்காதீர்கள்: வெள்ளித்தாள் பூசிய உறை, பின் அடித்த பொட்டலம், இரண்டும் பொறி கிளப்பும். வாழையிலைத் துண்டு சில விநாடிக்கு ஒன்றும் ஆகாது.

பத்துப் பார்க்கிற (சாதம் பட்டதை மற்றவற்றோடு கலக்காத ஆசாரம் உள்ள) வீடுகளில் சாதத்துக்கும் பாலுக்கும் ஒரே ஓவனா என்ற கேள்வி வரும். சுழலும் கண்ணாடித் தட்டு தனியாகக் கிடைக்கிறது; மாடலுக்கு ஏற்ற விட்டத்தில் இரண்டாவது ஒன்று வாங்கி, பாலுக்கு அதை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள்.

நம் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம்?

900 வாட்டில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது என்றால்: ஒரு டம்ளர் பால் (200 மி.லி.) ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம். டிகாக்‌ஷனை உள்ளே வைக்காதீர்கள், கசந்துவிடும். பாலை மட்டும் சூடாக்கிக் கலந்தால் டிகிரி காபிக்கு மரியாதை. ஒரு கிண்ணம் சாதத்துக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, ஒன்றரை நிமிடம். நடுவில் ஒரு முறை கிளறுங்கள். வடித்த சாதம் வெளியிலேயே நாள் முழுக்கக் கிடந்திருந்தால் சூடாக்கினாலும் நல்லதாகாது. அதில் வளர்கிற கிருமியின் நஞ்சு சூட்டுக்கு அழியாது. ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். நாலு இட்லிக்கு ஈரத்துணி போர்த்தி 40 முதல் 60 விநாடி. உளுந்து அப்பளம் ஒன்றுக்கு 30 முதல் 45 விநாடி, எண்ணெய் வேண்டாம். சாம்பாரைக் கிண்ணத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றினால் பருப்பு பொங்கித் தட்டெல்லாம் ஓடும். திருவையாற்று அசோகா அல்வாவுக்கு 15 விநாடி போதும். சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த பண்டம் நாக்கைச் சுட்டுவிடும்.

முழு முட்டை வைக்காதீர்கள், வெடிக்கும். காய்ந்த மிளகாய் வறுக்காதீர்கள், வீடே இருமும். எண்ணெய் காய வைக்காதீர்கள். வெறும் தண்ணீரை நெடுநேரம் சூடாக்கினால் கொதிக்காத மாதிரியே இருந்து, தொட்டதும் பொங்கும். ஒரு மரக்கரண்டியைப் போட்டு வையுங்கள். குழந்தைப் பால் புட்டியை உள்ளே வைக்க வேண்டாம். வெளியே வெதுவெதுப்பாகவும் நடுவில் கொதித்தும் இருக்கும்.

கதிர்வீச்சு பயம் வேண்டுமா?

கதவுக் கண்ணாடிக்குள் தெரிகிற துளைத் தகடுதான் காவல். அலையின் நீளம் 12 செ.மீ.; துளை ஒன்று இரண்டு மி.மீ.; வெளியே வர வழியில்லை. விதிப்படி 5 செ.மீ. தொலைவில் கசிவு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கதவு தொங்கிப்போனாலோ, கண்ணாடி விரிந்தாலோ, விளிம்பில் துரு ஏறினாலோ சரி செய்கிற வரை ஓட்டாதீர்கள்.

எந்தக் கோளாறுக்கு யாரைக் கூப்பிடுவது?

உள்ளே பொறி பறந்தால், வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒட்டியிருக்கிற மைக்கா தகட்டைப் பாருங்கள். எண்ணெய் தெறித்துக் கருகியிருக்கும். அதே அளவில் புதுத் தகடு மலிவாகக் கிடைக்கும். தட்டு சுற்றவில்லை என்றால் அடியில் உள்ள உருளை வளையம் விலகியிருக்கும், அல்லது நடுவிலுள்ள சின்ன பிளாஸ்டிக் இணைப்பு தேய்ந்திருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஃபியூஸ் போனால் கதவுச் சுவிட்சுகளில் ஒன்று பழுது.

ஓடுகிறது, சூடாகவில்லை, வோல்டேஜும் சரி என்றால் மேக்னட்ரானோ உயர் மின்னழுத்தப் பகுதியோ போயிருக்கும். அதைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்ற மெக்கானிக்குடையது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். மிக்ஸி பழுது பார்க்கிற துணிச்சல் இங்கே ஆளைக் கொல்லும்.

பில்ட்-இன்னில் கூடுதல் வேலை, மெஷினை வெளியே எடுப்பது. 20, 25 கிலோ இருக்கும், இரண்டு ஆள் வேண்டும். ஒயரை ஒரு மீட்டர் தளர்வாக விட்டிருந்தால் முன்னால் இழுத்து மேடையில் வைத்துவிட்டுப் பிளக்கை எடுக்கலாம். வாங்குவதற்கு முன் உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். தஞ்சாவூருக்கு உண்டு என்பதால் வேதாரண்யத்துக்கும் உண்டு என்று ஆகிவிடாது.

பொருத்தி முடித்ததும் என்ன சோதிப்பது?

கண்ணாடிக் கிண்ணத்தில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். சமையல் தெர்மாமீட்டரால் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு சக்தியில் இரண்டு நிமிடம் ஓட்டி, எடுத்ததும் கிளறி, மறுபடி அளங்கள். ஏறிய டிகிரியை 35 ஆல் பெருக்கினால் தண்ணீருக்குப் போன வாட். 28இலிருந்து 50க்கு ஏறினால் 22 பெருக்கல் 35, 770 வாட். கிண்ணம் குடித்த சூட்டைக் கழித்துப் பார்த்தால் 900 வாட் மாடலுக்கு அது நல்ல எண். இதையே மதியம் ஒரு முறை, ராத்திரி ஏழு மணிக்கு ஒரு முறை செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் ஸ்டெபிலைசர் தேவை. இரண்டு எண்ணையும் தேதியோடு பக்கத்துக் கப்போர்டு கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து “முன்ன மாதிரி சூடாகலை” என்று தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.